வாடிக்கையாளர் எண் ஒன்று

எங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள். வழக்குப் போடுவதற்கென்றே தலைமை அலுவலகத்தில் தனியாக ஒரு மாடி இருக்கிறது. ஷார்ஜாவில் முவைலா பக்கம் போனவர்கள் எங்கள் பெட்ரோல் பங்கைப் பார்த்திருக்கலாம். பச்சைக் கூரை, ஆறு பம்ப், நடுவில் ஒரு கண்ணாடி அறை. அந்த அறைக்குள் ஏசியில் உட்கார்ந்து கல்லாவையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பெயர் முத்துராமன், காரைக்குடிப் பக்கம். இங்கே சொல்லப்போகும் கூத்து முழுவதையும் ரிப்போர்ட்டாக டைப் அடித்து அனுப்பியவனும் நான்தான். ஆகவே என்னை யோக்கியன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

வளைகுடாவில் கார் வைத்திருப்பவர் எதற்காகவும் காரை விட்டு இறங்க மாட்டார். டீக்கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்; டீ ஓடி வரும். மளிகைக் கடை வாசலில் அடிப்பார். ரொட்டியும் தயிரும் ஓடி வரும். சலவைக் கடையில் அடித்தால் தேய்த்த சட்டை ஹாங்கரோடு ஓடி வரும். பெட்ரோல் பங்கில் ஹாரன்கூட அநாவசியம். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி "ஃபுல்" என்று சொன்னால் போதும். அந்த இரண்டு விரல் இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் குளிர் நம் முகத்தில் ஒரு விநாடி படும். வெயில் காலத்தில் எங்கள் பங்கு ஆட்களுக்கு அது ஒரு சம்பளம் மாதிரி.

இரண்டாம் நம்பர் பம்பில் நின்றவன் கார்மேகம். கமுதிக்குப் பக்கத்து ஆள், இருபத்தொன்பது வயது. குழாயைச் சொருகிவிட்டு அடுத்த காருக்குப் போவான்; முதல் காரில் டேங்க் நிரம்புகிற சத்தம் இவன் காதுக்கு மட்டும் முன்கூட்டியே கேட்கும். ஒரு சொட்டு வெளியே சிந்தியதை நான் பார்த்ததில்லை. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் நாகவள்ளி. இரண்டு தடவை தேதி தள்ளிப்போய்விட்டது; ஒரு தடவை இவனுக்கு லீவு கிடைக்காமல், ஒரு தடவை அவர்கள் வீட்டில் ஒரு சாவு. மூன்றாவதாக 2006ஆம் வருஷம் ஆவணி பத்தொன்பது, அதாவது செப்டம்பர் நான்கு என்று குறித்தார்கள். இதுவும் தள்ளிப்போனால் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவோம் என்று பெண்ணின் மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கல்யாண லீவுக்கு மனுப் போட்டால் பத்திரிகை இணைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. மனுவோ நான்கு மாதத்துக்கு முன்னால் போட வேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் அவன் வீட்டார் மே மாதத்திலேயே பத்திரிகை அடித்தார்கள். கமுதி அச்சாபீஸில் சிரித்தார்களாம். இரண்டு வருஷத்துக்குச் சேர்ந்திருந்த அறுபது நாள் லீவுக்கான மனு, பத்திரிகை இரண்டையும் நானே கவரில் போட்டு அனுப்பினேன்.

ஜூன் மாதம் அனந்தகிருஷ்ணன் வந்தார்.

அவர் தலைமை அலுவலகத்தில் சேவை மாற்றத் திட்ட மேலாளர். சென்னைக்காரர், இருபத்திரண்டு வருஷமாக வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர். எங்கள் பங்கைச் சுயசேவைக்கான முன்னோடிப் பங்காகத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொல்லி, எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"பெட்ரோல் போடறதுங்கறது சின்ன விஷயம் இல்லே. ஒரு மனுஷன் தன் வண்டிக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கறச்சே அவனுக்குள்ளே ஒரு தன்னம்பிக்கை பொறக்கறது. அந்தத் தன்னம்பிக்கையை இத்தனை வருஷமா நாமதான் அவன்கிட்டேருந்து பிடுங்கி வச்சிண்டிருக்கோம். அமெரிக்காவுல போய்ப் பாருங்கோ, கோடீஸ்வரன் தானே இறங்கிப் போட்டுக்கறான். நானே பார்த்திருக்கேன், டாக்ஸியிலேருந்து."

கார்மேகம் கையைத் தூக்கினான். "அப்ப நாங்க என்ன சார் செய்றது?"

"ஒண்ணும் செய்யப்படாது. அதான் இனிமே உங்க டூட்டி. சும்மா இருக்கறது லேசுன்னு நினைக்காதீங்கோ. அதுக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங் இருக்கு."

உண்மையாகவே இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது, கார் வந்தால் முகத்தை மட்டும் மலர்த்துவது, குழாயைப் பார்க்காமல் இருப்பது. கார்மேகத்துக்கு மூன்றாவது வரவில்லை. கார் உள்ளே திரும்பியதும் அவன் கை தானாகக் குழாய்க்குப் போனது. "ஆட்டிட்யூட் பிராப்ளம்" என்று அவன் தாளில் எழுதினார்கள்.

முதல் நாள் காலை ஆறு பம்பிலும் கார்கள் வந்து நின்றன. கண்ணாடிகள் இரண்டு விரல் இறங்கின. "ஃபுல்" என்றார்கள். எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு முகத்தை மலர்த்தினார்கள். இன்னும் உரக்க "ஃபுல்" என்றார்கள். இன்னும் மலர்த்தினார்கள். பத்து நிமிஷத்தில் பின்னால் நின்ற வரிசை ரவுண்டபவுட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. ஹாரன் சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் நாற்பது டீயோடு ஓடி வந்தார்.

அனந்தகிருஷ்ணன் கையில் ஒலிபெருக்கியோடு நடுவில் நின்று, "இறங்குங்கள், இது உங்கள் உரிமை" என்று ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வரிசையை வெட்டிக்கொண்டு இரண்டாம் பம்புக்கு வந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே திருமதி பிரபாவதி அனந்தகிருஷ்ணன்.

"கார்மேகம், ஃபுல் பண்ணிடுப்பா. அர்ஜுனுக்கு ட்யூஷனுக்கு நேரமாச்சு."

கார்மேகம் கையைக் கட்டிக்கொண்டு முகத்தை மலர்த்தினான். அவன் கண் மட்டும் அனந்தகிருஷ்ணனைப் பார்த்தது. அவர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார்.

"பிரபா, நீ இறங்கிப் போட்டுக்கணும்."

"இந்த வெயில்லயா? உங்களுக்கென்ன ஆச்சு? நீங்கதான் நிக்கறேளே, போடுங்கோ."

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இப்போது செயல்முறை விளக்கம்" என்று அறிவித்துவிட்டுக் காருக்குப் பின்னால் போனார். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு சுற்று வந்தார். உள்ளே இருந்த விசையை மனைவியிடம் இழுக்கச் சொன்னார். முன்பக்க பானட் திறந்துகொண்டது. இன்னொன்றை இழுக்கச் சொன்னார். டிக்கி திறந்துகொண்டது, உள்ளேயிருந்து பையனின் கிரிக்கெட் பந்து உருண்டு வெளியே ஓடியது. கடைசியில் கார்மேகம்தான் போட்டான். கார் போன பிறகு அனந்தகிருஷ்ணன் என்னிடம் வந்து, அதை ரிப்போர்ட்டில் வெற்றிகரமான செயல்முறை விளக்கம் என்று குறிக்கச் சொன்னார். குறித்தேன்.

அந்த வாரம் முழுக்கக் காரை விட்டு இறங்கியவர் ஒரே ஒருவர். அவரும் கழிப்பறை எங்கே என்று கேட்க இறங்கியவர். அவரை "பகுதிச் சுயசேவை" என்று போட்டோம்.

இரண்டாம் கட்டமாக எங்கள் ஆட்களை வழிகாட்டிகள் ஆக்கினார்கள். ஆரஞ்சு நிற மேலங்கி கொடுத்தார்கள். குழாயைத் தொடக் கூடாது, ஆனால் இரண்டு முழம் தள்ளி நின்று வாயால் சொல்லித் தரலாம். கார்மேகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்வித்தார்கள்: "சார், யூ கேன் டூ இட்."

ஒரு லேண்ட் க்ரூஸரில் வயதான அரபி ஒருவர் வழக்கமாக வருவார். வரும்போதெல்லாம் கார்மேகத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலோ பேரீச்சம்பழமோ கொடுத்துவிட்டுப் போகிற நல்ல மனிதர். அவர் "ஃபுல்" என்றார். இவன் இரண்டு முழம் தள்ளி நின்று, "சார், யூ கேன் டூ இட்" என்றான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"மரீத்?" என்று கேட்டார். உடம்பு சரியில்லையா என்று அர்த்தம்.

இவன், "சார், யூ கேன் டூ இட்" என்றான். வேறு வாக்கியம் அவனுக்குத் தரப்படவில்லை.

அவர் காரை அணைக்காமல் கால் மணி நேரம் காத்திருந்தார், இவனுக்குச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில். பிறகு காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, பெட்ரோல் போடாமலேயே போய்விட்டார். கார்மேகம் அந்த அட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "மனுசன் என்னைய நோயாளின்னு நெனச்சிட்டாருண்ணே" என்று மட்டும் சொன்னான்.

ஜூன் முடிவில் நான் டைப் அடித்த கணக்கின்படி எங்கள் பங்கில் சுயசேவை விகிதம் பூஜ்யம். அனந்தகிருஷ்ணன் கண்ணாடி அறைக்கு வந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் பத்தாம் தேதி தலைமை அலுவலகம் திட்டத்தை மதிப்பிடப் போகிறது. அவருடைய பதவி உயர்வும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"முத்துராமன், சுயசேவைன்னா என்ன?"

"தானே போட்டுக்கறது சார்."

"தப்பு. விதியைப் படியுங்கோ. டூட்டியில் இல்லாத நபர் ஒருவர் பெட்ரோல் போட்டால் அது சுயசேவை. அவ்வளவுதான் போட்டிருக்கு. யாரோட கார்னு போடலை பாருங்கோ."

ஜூலை ஒன்றாம் தேதி கார்மேகத்தின் பெயர் டூட்டி ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கப்பட்டது. அடித்தது நான். ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட சட்டை ஒன்று கொடுத்தார்கள். சுயசேவை பம்பை இயக்க உறுப்பினர் அட்டை வேண்டும். அவன் பெயருக்கு ஓர் அட்டை போட்டார்கள். வாடிக்கையாளர் எண் ஒன்று. மற்ற ஐந்து பேரையும் வேறு பங்குகளுக்கு மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் ஒருவர் இருக்கும்போது எதற்கு ஆட்கள் என்று. இப்போது ஆறு பம்புக்கும் கார்மேகம் ஒருவனே ஓடினான். கார் வரும், கண்ணாடி இரண்டு விரல் இறங்கும், கட்டம் போட்ட சட்டைக்காரன் அட்டையைத் தேய்த்துப் பெட்ரோல் போடுவான். சுயசேவை விகிதம் நூறு.

ஜூலை பாதியில் லீவு மனு என்ன ஆயிற்று என்று கேட்க அவனைக் கூட்டிக்கொண்டு துபாய் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். அவனுக்கு இந்தியில் ஜல்தியும் அச்சாவும் மட்டுந்தான் தெரியும். ஆள் நிர்வாகப் பிரிவில் ஷம்சாத் பாய், லக்னோக்காரர், பரம சாது. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அரே பாய், யே தோ சுட்டி பே ஹை."

லீவில் இருக்கிறானாம். ஜூலை ஒன்றிலிருந்து டூட்டி ரிஜிஸ்டரில் பெயர் இல்லை. பீரோவில் லீவு மனு இருக்கிறது, பத்திரிகையும் இருக்கிறது. ஆக, கம்ப்யூட்டர் தானே முடிவு செய்து அன்றிலிருந்து அவனை லீவில் அனுப்பிவிட்டது. அறுபது நாளில் பதினாறு நாள் கழிந்துவிட்டது.

"ஆனால் இதோ உட்கார்ந்திருக்கிறானே" என்றேன்.

"நான் பார்க்கிறேன் பாய். கம்ப்யூட்டர் பார்க்கவில்லையே."

"சரி, லீவுதான் ஆரம்பித்துவிட்டதே. பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், மிச்ச நாளிலாவது போய்விட்டு வரட்டும்."

ஷம்சாத் பாய்க்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. பாஸ்போர்ட் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவில்தான் இருக்கிறதென்று அவருக்கும் தெரியும். ஆனால் ஊருக்குப் போனவன் பாஸ்போர்ட் வாங்காமல் போயிருக்க முடியாது. இவன் போயிருக்கிறான். எனவே வாங்கியிருக்கிறான். ஒரு பாஸ்போர்ட்டை இரண்டு தடவை கொடுத்தால் ஷம்சாத் பாய் வேலை போய்விடும். டூட்டியில் மறுபடி பெயர் ஏறினால்தான் எல்லாம் சரியாகும், அதற்கு மேலாளர் கையெழுத்து வேண்டும் என்றார். கார்மேகத்துக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

மேலாளர் அனந்தகிருஷ்ணன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கார்மேகம், உன் பேரை ஏத்தினா நூறு பர்சென்ட் பூஜ்யமாயிடும். செப்டம்பர் பத்து வரைக்கும் பொறுத்துக்கோ."

"நாலாந் தேதி கல்யாணம் சார்."

"தேதியைத் தள்ளிவச்சுக்கலாமே. ஒரு வாரந்தானே? இங்கே நாம ஒரு கலாசாரத்தையே மாத்திண்டிருக்கோம். பொண்ணாத்துக்காரா படிச்சவாளா இருந்தா புரிஞ்சுப்பா."

"ரெண்டு வாட்டி தள்ளியாச்சு சார்."

"அப்போ பழக்கமாயிருக்குமே" என்றார் அவர்.

ஆகஸ்டில் இன்னொரு அதிர்ஷ்டம் வந்தது. தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் அந்தக் காலாண்டின் தலைசிறந்த வாடிக்கையாளரைத் தேடியது. ஒரே அட்டையில் ஒரே மாதத்தில் பதினோராயிரம் கேலன் பெட்ரோல் வாங்கிய ஒரு மனிதர் இருந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நூறு பர்சென்ட் வந்திருக்கும்போது சந்தேகப்படுவது அங்கே வழக்கமில்லை. துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் விழா. மேடையில் கம்பெனியின் பெரிய முதலாளியே உட்கார்ந்திருந்தார். அனந்தகிருஷ்ணன் கார்மேகத்துக்குத் தன் கோட்டு ஒன்றைக் கொடுத்து மாட்டிவிட்டிருந்தார். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை.

போகும் வழியிலேயே கார்மேகம் என்னிடம் சொல்லிவிட்டான். "அண்ணே, பெரிய மொதலாளிகிட்டயே கேட்டுர்றேன். அவரு சொன்னா எவன் மறுப்பான்?" எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

முதலாளி கையைக் குலுக்கி, தனக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளும்போது எப்படி உணர்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்க அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் நின்றார். கார்மேகம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மொதலாளி, எனக்கு லீவு வேணும். ஆவணி பத்தொம்பது கல்யாணம். நான் ஊருக்குப் போனதா சொல்றாக. போகல மொதலாளி. வேல பாத்துக்கிட்டு இங்கதான் நிக்கிறேன். எங்கயும் போகல."

அனந்தகிருஷ்ணன் ஒரு கணங்கூடத் தயங்கவில்லை. நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐயா, இந்த வாடிக்கையாளர் சொல்கிறார், தன் சொந்தக் கல்யாணமே வந்தாலும் ஊருக்குப் போக மாட்டாராம். நம் பங்கைவிட்டு எங்கேயும் போக மாட்டாராம்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனக்கு லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கார்மேகம் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். பரிசாக ஒரு வருஷத்துக்கு இலவசமாகக் கார் கழுவும் கூப்பன் புத்தகம் கொடுத்தார்கள்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் விசாவும், அதற்குப் பொறுப்பேற்கும் கபீல் என்ற முறையில், அதே முதலாளி கையில்தான் இருந்தது. பையனுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. நானும் கைதட்டினேன். திரும்பி வரும்போது வண்டியில் விஷயத்தைச் சொன்னேன். அவன் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் நாகவள்ளியே போன் பண்ணினாள். அதுவரை பெரியவர்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கார்மேகம் கண்ணாடி அறைக்கு ஓடி வந்து, சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான். நான் வெளியே போக எழுந்தேன், உட்காருங்கண்ணே என்று கையைக் காட்டினான்.

"வருவீகளா, மாட்டீகளா? ஒரே வார்த்த சொல்லுங்க."

"வருவேன்."

"லீவு குடுத்துட்டாகளா?"

"லீவுலதான் இருக்கேன். அதாவது... கம்பெனியில அப்பிடித்தான் இருக்கு. ஆனா வர முடியல."

"ஒங்களுக்கு அங்கிட்டு வேற யாரோ இருக்காகன்னு எங்க மாமா சொல்றாரு. நான் நம்பல. இப்ப நீங்க பேசுறதக் கேட்டா எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"நானே சொல்றேன், கேளு..."

வெளியே நான்காம் பம்பில் ஒருவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அனந்தகிருஷ்ணன் அன்று பார்த்துப் பங்கில் இருந்தார், கண்ணாடியைத் தட்டி, "கஸ்டமர் எங்கே? கஸ்டமர் வரணும்!" என்றார். கார்மேகம், "இந்தா வந்துர்றேன், வச்சிராத" என்று போனை என் மேஜையில் வைத்துவிட்டு ஓடினான். அவன் ஆறு பம்பையும் முடித்துவிட்டு வருவதற்குள் அவள் வைத்துவிட்டாள். அதற்குள் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் நான்காம் தேதி முகூர்த்தம் நடந்தது. அதே பந்தல், அதே சமையல்காரர். மாப்பிள்ளை மட்டும் பரமக்குடியில் டயர் கடை வைத்திருப்பவர். முகூர்த்த நேரம் அங்கே ஒன்பது மணி, இங்கே ஏழரை. கார்மேகம் கண்ணாடி அறைக்கு வந்து, "அண்ணே, கொஞ்ச நேரம் உக்காந்துக்கவா?" என்றான். அவன் வாடிக்கையாளர், அவனுக்கு அனுமதி கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டேன். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். மூன்று கார்கள் ஹாரன் அடித்தன. எழுந்து போனான்.

பத்தாம் தேதி மதிப்பீடு நடந்தது. திட்டம் முழு வெற்றி என்று அறிவித்தார்கள். அனந்தகிருஷ்ணனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் சுயசேவையை நூறு சதவீதம் கற்றுத் தேர்ந்துவிட்டதால், அவர்களைப் பாராட்டும் விதமாக, மறுநாள் முதல் அவர்களுக்குக் காரிலிருந்து இறங்கவே தேவையில்லாத உயர்தர முழுச்சேவை அளிக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. கார்மேகத்துக்குப் பழைய யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரிஜிஸ்டரில் பெயரை ஏற்றினேன்.

ஏற்றிய அன்றே ஆள் நிர்வாகத்திலிருந்து அவனுக்கு ஒரு மெமோ வந்தது. லீவு ஆகஸ்ட் இருபத்தொன்பதோடு முடிந்தும் பன்னிரண்டு நாள் தாமதமாக டூட்டியில் சேர்ந்த காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

ஷம்சாத் பாய் எனக்குப் போன் செய்து இரகசியக் குரலில் வழி சொன்னார். உண்மையை எழுதினால் யாருக்கும் புரியாது, ஆளை அனுப்பிவிடுவார்கள். ஃபைலில் பத்திரிகை இருக்கிறது. ஊருக்குப் போனேன், செப்டம்பர் நான்கில் கல்யாணம் நடந்தது, மறுவீடு, விருந்து என்று ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதச் சொல்லுங்கள். கல்யாணமென்றால் கம்பெனி மன்னிக்கும். நான் எழுதினேன். கார்மேகம் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். கம்பெனி மன்னித்தது. அவன் பதிவைத் திருத்தவும் செய்தது: திருமணமானவர். அனந்தகிருஷ்ணன் புதிய பதவிக்குப் போகும்முன் பங்குக்கு வந்து அவன் கையைக் குலுக்கினார்.

"கங்கிராட்ஸ்! பார்த்தியா, எப்படியோ போய்ப் பண்ணிண்டு வந்துட்டே. எங்கேப்பா ஸ்வீட்?"

கார்மேகம் எதிர் டீக்கடையில் லட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அவர் காரில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம் எல்லாருடைய விவரங்களையும் சரிபார்த்து அனுப்பச் சொன்னார்கள். கார்மேகத்தைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"இதுல கல்யாணம் ஆனவன்னு இருக்குடா. தப்பான விவரம்னு எழுதிக்குடுத்தா எடுத்துடலாம். இப்ப ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

குனிந்து பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும்.

"பொண்டாட்டி பேருன்னு எதுவும் போட்டிருக்காண்ணே?"

"பத்திரிகையைப் பாத்துப் போட்டிருக்காங்க. நாகவள்ளின்னு இருக்கு."

"எந்த எடத்துல?"

விரலால் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ கண்ணாடியை இறக்கி "ஃபுல்" என்றார்கள்.

"அதுபாட்டுக்கு இருக்கட்டும்ணே" என்றான். "இங்க மட்டுமாவது இருக்கட்டும்."

நான் அதைத் திருத்தாமலே அனுப்பிவிட்டேன்.